வெடிக்காத குதிகால்

ஆகஸ்ட் 19, ஞாயிறு
காலையிலேயே புழுக்கம். கடல் பக்கமிருந்து காற்றே இல்லை. அப்பா வேளாங்கண்ணிக்கு நடக்கக் கிளம்பினார். காவி வேட்டி, காவித் துண்டு. அம்மா வாசலில் அவர் காலைக் கழுவினாள். எங்கள் தெரு வழக்கம், போகும்போதும் வரும்போதும். எனக்கு மஞ்சள் காமாலை வந்த வருஷம் நேர்ந்துகொண்டது. "எம் பொண்ணு உசுருக்காவ நடக்குறேன்" என்று பக்கத்து வீட்டு மேரி அக்காவிடம் இந்த வருஷமும் சொன்னார். பெருமையாக இருந்தது. தனியாகத்தான் போவார், அவருக்குக் கூட்டம் ஆகாது.

வாங்க வேண்டியது: கிராஃப் நோட், ஊக்கு.

ஆகஸ்ட் 24, வெள்ளி
ஸ்கூல் விட்டு, ரெக்கார்ட் நோட் வாங்க செல்வி வீட்டுக்கு. எம்.கே.பி. நகர். எதிர் பிளாக் மாடியில் அப்பா! லுங்கி, பனியன். கொடியில் காவி வேட்டி காய்கிறது. தோளில் ஒரு குட்டிப் பெண், "நைனா, எறக்கு நைனா" என்று ஒரே சிரிப்பு. உள்ளேயிருந்து ஒரு பொம்பளை சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் என்னைப் பார்க்கவில்லை. நோட் வாங்காமலே ஓடி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் மேரி அக்கா: "ஒங்கப்பா போன் பண்ணாருடி. கடலூர் தாண்டிட்டாராம். காலெல்லாம் கொப்பளமாம், பாவம்."

சீ.

ஆகஸ்ட் 25, சனி
தூக்கம் இல்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நான் பார்த்தது அப்பாவுக்குத் தெரிந்தால் தோலை உரிப்பார், சொல்லாதே என்றேன். "மாதா மேல சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றாள். அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. மீன் கழுவிக்கொண்டே, "எனக்குத் தெரியும்டி. ரொம்ப நாளா தெரியும். இன்னா பண்ண சொல்ற? தெருவுக்குத் தெரிஞ்சா மானம் பூடும். வாய மூடிக்கினு படி."

அப்போ போன வருஷம் காலைக் கழுவியது? அதுக்கு முந்தின வருஷம்? என் உயிரைச் சொல்லி ஊரை ஏமாற்றியிருக்கிறார்கள், இரண்டு பேரும் சேர்ந்து. ஆனால் சத்தியம் பண்ணியிருக்கிறாள். சொல்ல மாட்டாள்.

செப்டம்பர் 9, ஞாயிறு
தூறல். அப்பா வந்தார். வாசலில் பாதித் தெரு. அம்மா சொம்பை என் கையில் திணித்தாள். "நீ ஊத்துடி. ஒனக்காவத்தான போனாரு."

ஊற்றினேன். குதிகால் பன் மாதிரி மெத்தென்று, ஒரு வெடிப்பு இல்லை. யாரும் எட்டிப் பார்ப்பதற்குள் அம்மா துண்டால் மூடிவிட்டு, மடியிலிருந்து பேண்டேஜ் எடுத்துச் சுற்றினாள். நேற்று மெடிக்கல் ஷாப்பில் நான்தான் வாங்கி வந்தேன், எதற்கென்று கேட்காமல்.

அடுத்த காலுக்கு ஊற்றும்போது அப்பா குனிந்து என் தலையில் கை வைத்தார். "ஆசீர்வாதம் பண்றாரு பாரு" என்றாள் மேரி அக்கா. காதோரம் அப்பா மெதுவாக, "இன்னாம்மா, எம்.கே.பி. நகர்ல சுத்திக்கினு கீறியாமே?"

அம்மாவைப் பார்த்தேன். பேண்டேஜ் நுனியைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.