கோழிக் குழம்பும் இருவாச்சியும்

இன்று காலை அலமாரியிலிருந்து உங்கள் பைனாகுலரை எடுத்தேன். தோல் உறையைத் திறந்ததும் குப்பென்று புகையிலை வாசம். அட்டை கடிக்காமல் இருக்க நீங்கள் அதற்குள் திணித்துக் கொண்டுவந்த புகையிலை. இத்தனை வருஷமாகியும் வாசம் போகவில்லை. தும்மிக்கொண்டே சிரித்தேன். "என்னம்மா, தனியா சிரிக்கிறீங்க?" என்று மகள் எட்டிப் பார்த்தாள். என்னைத் தாமான் நெகாரா காட்டுக்குக் கூட்டிப்போகத் திட்டம் போட்டிருக்கிறாள்.

அவள் பிறப்பதற்கு முன், நமக்கு விடுமுறை என்றால் சொந்தக்காரர் வீடுதான். ஒரு வருஷம் கிள்ளான், அடுத்த வருஷம் பந்திங், மறுபடியும் கிள்ளான். எங்கே போனாலும் நான் அடுப்படியில்தான் நின்றேன். "ஒரு தடவையாவது சொந்தக்காரங்க இல்லாத இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. காடா இருந்தாலும் பரவாயில்ல" என்று ஒருநாள் வெடித்தேன். நீங்கள் அதை அப்படியே பிடித்துக்கொண்டீர்கள். "சரி, காட்டுக்கே போவோம்லா! இருவாச்சிப் பறவை பாக்கலாம்."

அதன்பின் நாம் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ் முழுக்க உங்கள் காட்டுப் பேச்சுதான். படகுக்குச் சொல்லிவைத்தீர்கள், நண்பரிடம் காரை இரவல் வாங்கினீர்கள். இவ்வளவு யோசித்த மனிதர், கிளம்புவதற்கு முதல்நாள் ஒரு காரியம் செய்தீர்கள் பாருங்கள். வழியில் மெந்தகாப்பில் உங்கள் பெரியம்மா மகள் இருக்கிறாரே, சொல்லாமல் கடந்துபோனால் பிறகு எப்படி முகத்தில் முழிப்பது என்று அவர் கடைக்குப் போன் போட்டீர்கள். "அக்கா, நாளைக்கு அந்தப் பக்கமாத்தான் போறோம். வீட்டுக்கு வர நேரமில்ல, கோவிச்சுக்காதீங்க."

மறுநாள் மெந்தகாப் முச்சந்தியில் அக்கா குடையோடு நின்றார். காருக்குக் குறுக்கே கையை நீட்டி, "பத்து நிமிஷம்லா தம்பி. கோழி அடிச்சாச்சு" என்றார்.

கோழிக் குழம்பு, ரசம், பாயசம். பிறகு நம்மைப் பார்க்கப் பக்கத்து வீட்டார் வேறு. கோலா தெம்பலிங் படகுத்துறைக்கு வந்து சேர்ந்தபோது அன்றைய படகு போயிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "காட்டுக்குக் கிளம்பியும் சொந்தக்காரங்க வீட்டுக்குத்தானே போனோம்!" என்று சத்தம் போட்டேன். நீங்கள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்தீர்கள்.

திடீரென்று தலையைத் தூக்கினீர்கள். "ஸ்டீம் இன்ஜின் சத்தம் கேக்குது."

"ஆத்து மேலயா ரயில் வரும்?" என்றேன் எரிச்சலோடு.

புஸ் புஸ்ஸென்று சிறகடித்து, நம் தலைக்கு மேலே இரண்டு இருவாச்சிகள் ஆற்றைக் கடந்தன. அவ்வளவு ஆசைப்பட்ட நீங்கள் பைனாகுலரை என் கையில் திணித்து, "நீ பாரு, நீ பாரு" என்றீர்கள். நான் பறவையைப் பார்த்ததைவிட, வாய் பிளந்து நின்ற உங்களைப் பார்த்ததுதான் அதிகம்.

அன்றிரவு தங்கியதும் அக்கா வீட்டில்தான். மீதிக் குழம்பு இருந்தது. மறுநாள் படகேறிப் போய் மூன்று நாள் காட்டில் அலைந்தோம். அட்டைகள் உங்கள் புகையிலையை மதிக்கவே இல்லை. இருவாச்சி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

நீங்கள் போனபிறகு எனக்கு எங்கேயும் கிளம்ப மனமில்லை. இப்போது மகள் விடமாட்டேன் என்கிறாள். வேலைக்குப் புறப்படும்போது கறாராகச் சொன்னாள்: "மெந்தகாப் அத்தைக்கு மட்டும் சொல்லிடாதீங்கம்மா. படகைப் பிடிக்கணும்."

தலையாட்டினேன். அவள் தெருமுனை தாண்டியதும் போனை எடுத்தேன்.

"அண்ணி, சனிக்கிழமை அந்தப் பக்கமாத்தான் போறோம். வீட்டுக்கு வர நேரமில்ல, கோவிச்சுக்காதீங்க."