இரண்டு காஜாவில் ஒரு பொத்தான்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். முழங்கால் வலி குறைந்ததா? தையல் மிஷினை மிதிக்காமல்தானே இருக்கிறீர்கள்?

சனிக்கிழமை எங்கள் ஆய்வுக்கூடத்தைப் பொதுமக்கள் சுற்றிப் பார்த்தார்கள். குழாய் ரிப்பேர் செய்பவர் ஒருவர், "ஒரே எலக்ட்ரான் ரெண்டு பிளவு வழியாவும் எப்படிங்க போகும்?" என்று கேட்டார். அரை மணி நேரம் விளக்கினேன். கிளம்பும்போது, "உங்கப்பா குடுத்து வெச்சவரு, இதெல்லாம் தினமும் கேப்பாரு" என்றார். வாய் கூசாமல் "ஆமாங்க" என்றேன்.

போன மாதம் நீங்களும் போனில் அதைத்தானே கேட்டீர்கள்? "ஒரு பொத்தான் ரெண்டு காஜாலயும் எப்படிம்மா நுழையும்?" என்று. "சொன்னா உங்களுக்குப் புரியாதுப்பா" என்று வைத்துவிட்டேன்.

இரண்டு மெல்லிய பிளவு வெட்டிய தகட்டை நோக்கி எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகத்தான் அனுப்புகிறோம் அப்பா. ஒவ்வொன்றும் திரையில் ஒரு புள்ளி வைக்கிறது. ஆயிரக்கணக்கில் சேர்ந்ததும், இரண்டு பிளவிலும் அலை நுழைந்து வந்ததுபோல் வரிவரியாகத் தெரிகிறது. எந்தப் பிளவில் போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தால் அந்த வரிகள் காணாமல் போகின்றன.

நீலச் சட்டையில் ஒரு பொத்தான் உதிர்ந்துவிட்டது. இங்கேயும் கிடைக்கும், ஆனாலும் நீங்களே அனுப்புங்கள்.

உள்ளே கூப்பிடுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அது எப்படி நடக்கிறது என்று எனக்கும் தெரியாது. அதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டுத்தான் உங்களுக்குப் புரியாது என்றேன்.

உங்கள் மூத்தவள்