கைநாட்டின் மேல் எழுதிய பெயர்

5 மார்ச் 2006, ஞாயிறு

கறிக்கடையில் கூட்டம். எலும்பில்லாமல் கேட்டேன், எலும்பாகவே போட்டுக் கொடுத்தான். திரும்பி வரும்போது சண்முகம் சாலையில் புதிதாகத் திறந்திருக்கும் கடைகளின் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். கறி பையில் சூடாகிக்கொண்டிருந்தது. மருமகள் ஷாயிஸ்தா வாசலிலேயே நின்றாள். “மாமா, கறிக்குப் போனீங்களா, பரீட்சைக்குப் போனீங்களா” என்றாள்.

எனக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் வளர்கல்வி மையத்து ஜெயசீலி டீச்சர் தினமும் நாலு வரியாவது எழுதச் சொல்லியிருக்கிறார். இது ஐந்தாவது வரியைத் தாண்டிவிட்டது என்று நினைக்கிறேன். கை வலிக்கிறது. நிறுத்த மனமில்லை.

மதியம் சாப்பிடும்போது என் மகன் முதாசிர் ஒரு செய்தி சொன்னான். அவன் கம்பெனியில் இந்த வருஷம் நன்றாக வேலை செய்தவர்களைக் குடும்பத்தோடு கப்பலில் அழைத்துப் போகிறார்களாம். சிங்கப்பூர் வரை விமானம். அங்கிருந்து கப்பல். ஏப்ரல் கடைசியில்.

“கப்பல் எங்கெங்க நிக்கும்?” என்று சும்மா கேட்டேன்.

“ஒரு பகல் பினாங்குல நிக்கும் அத்தா” என்றான். சொல்லிவிட்டு என்னையே பார்த்தான். என் தங்கை இருக்கும் ஊர்.

6 மார்ச்

ஜெய்னப் என் ஒரே தங்கை. 1961-ல் மதராஸ் துறைமுகத்தில் கப்பல் ஏற்றி விட்டேன். பினாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவருக்குக் கட்டிக்கொடுத்தோம். அதன் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. அவளிடம் இருப்பது சிவப்பு அட்டை. அங்கே தங்கலாம், அந்த நாட்டுக் குடி ஆக முடியாது. பழைய இந்திய பாஸ்போர்ட் எப்போதோ காலாவதியாகிவிட்டது. அதனால் அவள் வர வழியில்லை. நான் தோல் கம்பெனியிலிருந்து எங்கே போக. போனில்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறோம்.

இந்த ஒரு பக்கம் எழுத இரண்டு வேளைத் தேநீர் ஆகிவிட்டது.

8 மார்ச், புதன்

“காகிதமெல்லாம் எடுத்து வை அத்தா, எது எதைக் கொண்டுபோகணும்னு பார்க்கலாம்” என்று முதாசிர் சொல்லிவிட்டு ஆபீஸ் போனான். எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினேன். ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, வங்கிப் புத்தகம், பாஸ்போர்ட். பாஸ்போர்ட் ஹஜ்ஜுக்காக எடுத்தது. முதாசிரின் அம்மா படுக்கையில் விழுந்ததால் போகவில்லை. 2009 வரை செல்லும்.

எல்லாம் வேண்டியவையாகத்தான் தெரிகின்றன. ரேஷன் அட்டையில் எனக்கு அறுபத்திரண்டு வயது. வாக்காளர் அட்டையில் எழுபத்தொன்று. எந்த வயதுக்காரனை அழைத்துப் போவது?

ஒன்று கவனித்தேன். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் என் கட்டைவிரல். விரல் என்றுகூடச் சொல்ல முடியாது. பல்லாவரத்தில் இத்தனை வருஷம் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் அலசி ரேகை தேய்ந்துபோனது. வெறும் நீலக் கறை. யார் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம்.

பேனாவை எடுத்தேன். வங்கிப் புத்தகத்தில் கறைக்குப் பக்கத்தில் என் பெயரை எழுதினேன். ரேஷன் அட்டையிலும். பாஸ்போர்ட்டில் பக்கத்தில் இடம் போதவில்லை. கறை மேலேயே எழுதினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினேன். ‘மு’வின் சுழி அவ்வளவு அழகாக நோட்டில்கூட வந்ததில்லை. முஸ்தபா. நல்ல கறுப்பில், கறையை மூடிக்கொண்டு நிற்கிறது.

ஜெய்னப் பார்த்தால் என்ன சொல்வாள்? அண்ணன் எழுதினது.

12 மார்ச்

ஜெய்னப் போன் செய்தாள். மீன் ஆணம் வைப்பாளாம். குழம்பை எங்கள் வீட்டில் ஆணம் என்போம். கப்பல் ஒரு பகல்தான் நிற்கும் என்றேன். “பகல்ல மீன் துன்னா ஆவாதா?” என்றாள். இத்தனை வருஷத்தில் பேச்சு மாறவே இல்லை.

14 மார்ச், செவ்வாய்

என்ன எழுதுவது.

மேற்குத் தாம்பரத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கும் ஸ்ரீநிவாசராகவன் சாரிடம் நானும் முதாசிரும் விசாவுக்குப் போனோம். அவர் எல்லார் பாஸ்போர்ட்டையும் புரட்டினார். என்னுடையதில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“இதுல யாரு கிறுக்கினது?”

“கிறுக்கல் இல்ல சார். என் பேரு. நான்தான் எழுதினேன்.”

“ஏன் எழுதினீங்க?”

“என் பாஸ்போர்ட்டு. என் பேரு. வேற யாரு சார் எழுதுவாங்க?”

“பெரியவரே, இது உங்களோடது இல்ல. கவர்ன்மென்ட்டோடது. உங்ககிட்ட குடுத்து வெச்சிருக்காங்க, அவ்ளோதான். இதுல ஒரு புள்ளி வெச்சாலும் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். கைநாட்டு வெச்ச ஆள் ஒருத்தர், கையெழுத்துப் போட்ட ஆள் இன்னொருத்தர்னு சொல்லிடுவாங்க.”

முதாசிர் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்தான். அவன் கழுத்து சிவந்தது. புதிதாகத்தான் எடுக்க வேண்டுமாம். ஏப்ரல் பதினைந்துக்குள் வந்தால் விசாவுக்கு நேரம் இருக்கும்.

ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்தோம். இறங்கினதும், “ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்ல அத்தா” என்றான்.

கேட்டிருக்கலாம். கேட்கத் தோணலியே. என் பேரை எழுத நான் யாரைக் கேக்கணும்? அப்படித்தானே நெனச்சேன். எழுதப் படிக்கத் தெரியாதவன் எவனாவது இப்படிக் கெடுத்திருப்பானா? கைநாட்டாவே இருந்திருந்தா இந்நேரம் விசா ஆயிருக்கும். கைநாட்டாவே இருந்திருந்தா—

இல்லை. அதை எழுத மாட்டேன்.

16 மார்ச்

வகுப்புக்குப் போகவில்லை.

17 மார்ச்

போனேன். நடந்ததைச் சொன்னேன். ஜெயசீலி டீச்சர் சிரித்துவிட்டு, பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பேர் எழுதக் கத்துக் குடுத்தேன், எங்க எழுதக் கூடாதுன்னு சொல்லிக் குடுக்கல. என் தப்புதான்” என்றார். அவர் தப்பு இல்லை.

20 மார்ச், திங்கள்

பாஸ்போர்ட் ஆபீஸ். நீள வரிசை. கவுன்டரில் இருந்த பெண் பழையதைப் பார்த்து, “குழந்தைங்க கிறுக்கிட்டாங்களா?” என்றார். அப்படித்தான் என்று சொல்லியிருந்தால் எளிதாக முடிந்திருக்கும். “நான்தாம்மா” என்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

படிவத்தைத் தள்ளி, “இங்க கட்டைவிரலா, கையெழுத்தா?” என்றார்.

முதாசிர் என் முகத்தைப் பார்த்தான். நான் பேனாவைக் கேட்டேன். கட்டத்துக்குள் எழுத வேண்டும், கோட்டில் பட்டுவிடக் கூடாது. பின்னால் ஒருவர், “இன்னா சார், கோலம் போடறாரா” என்றார். முடித்ததும் அந்தப் பெண் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, “முஸ்தபா” என்று வாய்விட்டு வாசித்தார். என் கையால் எழுதியதை முன்பின் தெரியாத ஒருவர் வாசித்தது அதுதான் முதல் தடவை.

ஏப்ரல் பதினைந்து எனக்கு மறந்தே போனது. வெளியே வந்து இரண்டு பேரும் மோர் குடித்தோம்.

2 ஏப்ரல்

போலீஸ் விசாரணை முடிந்தால்தான் பாஸ்போர்ட். இன்னும் யாரும் வரவில்லை. எல்லோரும் தேர்தல் வேலையில் இருக்கிறார்களாம். முடிச்சூர் ரோட்டில் நாள் முழுக்க ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு போகிறார்கள். ஒரு ஜீப்பாவது நம் தெருவில் திரும்பாதா என்று ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன்.

11 ஏப்ரல், செவ்வாய்

போலீஸ் வந்தார். தனக்கோடி என்று பெயர். சட்டையில் இருந்ததை நானே வாசித்தேன். நாலு தெரு அலைந்து வந்திருப்பார் போல, ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும் என்றார். எதிர்வீட்டு ரத்தினபாய் அம்மா தானாகவே வந்து நின்றார். “இவரா? ரொம்ப மோசமான ஆளுங்க. நேத்துகூட என் வூட்டுப் பேப்பர எடுத்துனு போயி இன்னும் குடுக்கல. முன்னெல்லாம் சும்மா கீறவரு, படிக்கக் கத்துனதுல இருந்து இதே பேஜார்” என்றார். போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே எழுதினார். இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

“எப்ப வரும் சார்?” என்றேன்.

“எங்க வேலை முடிஞ்சிடுச்சு அய்யா. அப்புறம் பத்து நாள், பதினஞ்சு நாள் ஆகலாம். அவசரமா?”

தங்கை என்று சொல்ல வந்து, “இல்ல சார்” என்றேன். அவர் என்ன செய்வார், பாவம்.

18 ஏப்ரல்

வரவில்லை. ஸ்ரீநிவாசராகவன் சார் இனிமேல் வந்தாலும் விசாவுக்கு நேரமில்லை என்று போனில் சொல்லிவிட்டார்.

முதாசிர் யாருமே போக வேண்டாம் என்றான். “நீ இல்லாம நாங்க எதுக்கு அத்தா? உன் தங்கச்சின்னு பேரு, எனக்கு அந்த மாமி முகம்கூடத் தெரியாது.”

“தெரியாதுன்னா போய்த் தெரிஞ்சுக்கோ” என்றேன். “அவ அங்க வந்து நிப்பாடா. கப்பல் வரும், நம்ம ஆளு ஒருத்தரும் எறங்கலன்னா அவ என்னா பண்ணுவா? உன் பொண்டாட்டி புள்ளைய இட்டுகினு போ.”

கத்திவிட்டேன். நான் கத்தி அவன் கேட்டதில்லை. சரி என்றான்.

ஜெய்னபிடம் நானே சொன்னேன். நான் வரவில்லை, முதாசிர்தான் வருகிறான் என்றேன். “கப்பலு அம்மாம் பெருசுன்றாங்க. உனுக்கு ஒரு எடம் இல்லியாண்ணே?” என்றாள்.

20 ஏப்ரல், வியாழன்

அவர்களைப் பார்த்ததும் ஜெய்னப் எப்படி அடையாளம் கண்டுகொள்வாள்? முதாசிருக்கு அவன் அம்மாவின் ஜாடை. ஷாயிஸ்தா, “உங்க போட்டோ ஒண்ணு எடுத்துட்டுப் போறோம் மாமா” என்று ஸ்டுடியோவில் எடுத்த படத்தைக் காட்டினாள். கோட்டு மாட்டிவிட்டிருந்தார்கள். அதில் இருப்பவன் ஏதோ வக்கீல்.

மறுபடி எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினேன். இந்தத் தடவை பேனா எடுக்கவில்லை. எதை அனுப்பலாம்? வங்கிப் புத்தகம் அவளுக்கு என்ன சொல்லும்? ரேஷன் அட்டை போனால் வீட்டுக்குச் சர்க்கரை, மண்ணெண்ணெய் இல்லை.

வாக்காளர் அட்டையை எடுத்தேன். படம் சகிக்காது, தூக்கத்தில் எழுப்பினது போல் இருக்கும். ஆனால் அதன் கீழே அச்சில் இருக்கிறது: தந்தை பெயர்: மீரான்.

அவளுக்கும் அதே தந்தைதான். எங்கள் அத்தாவுக்குப் படம் கிடையாது. அடக்கம் செய்த கபரில் கல் கிடையாது. அவர் பெயரை எழுதி வைத்திருப்பதில் கொடுத்துவிடக்கூடிய பொருள் இது ஒன்றுதான். இத்தனை நாள் என்னிடம் இருந்தும் இந்த வருஷம்தான் நான் அதை வாசித்தேன்.

முதாசிரிடம் கொடுத்தேன். “மாமிக்கு வாசிக்கத் தெரியாது. எந்த எடத்துல அத்தா பேரு இருக்குன்னு அவ வெரலப் புடிச்சு வெச்சுக் காட்டு” என்றேன். அவன் சட்டைப் பையில் போடாமல் தன் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டான்.

22 ஏப்ரல்

மீனம்பாக்கம் விமான நிலையம் வரை போனேன். உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்றேன். பேத்தி கைனாத் கை ஆட்டினாள், பிறகு காணவில்லை.

25 ஏப்ரல், செவ்வாய்

காலையிலிருந்து போன் பக்கத்தில். குளிக்கக்கூடப் போகவில்லை.

மதியம், லுஹர் தொழுகை நேரத்தில் மணி அடித்தது. முதாசிர். பின்னால் காற்று, கடலோரம் போல இரைச்சல். “அத்தா, பார்த்துட்டோம். சக்கர நாற்காலில வந்திருக்காங்க. நெத்தி அப்படியே உன்னோடது” என்றான்.

பிறகு, “கார்டக் காட்டினேன். திருப்பித் தர மாட்டேன்றாங்க. என்ன பண்றது?” என்றான்.

போன் கை மாறியது.

“அண்ணே.”

“சொல்லும்மா.”

“உம் புள்ள கேக்கறான். குடுக்க மாட்டேன். எனுக்கு இங்க அத்தா பேரு போட்ட ஒரு காகிதம் கெடையாது. நீ வந்து வாங்கினு போ.”

“சரி, வெச்சுக்கோ” என்றேன்.

“படத்துல ஏண்ணே அப்பிடி மொறைக்கிற?”

சிரித்தோம். முதலில் நிறுத்தியது அவளா நானா தெரியவில்லை. மீன் ஆணம் கொண்டுவந்திருக்கிறாளாம். கைனாத் காரம் என்று அழுகிறாளாம். என் பங்கையும் முதாசிரைச் சாப்பிடச் சொன்னேன்.

போனை வைத்த பிறகும் காதில் அந்தக் காற்று இருந்தது.

26 ஏப்ரல்

ரத்தினபாய் அம்மா வீட்டிலிருந்து குழம்பு வந்தது. பேப்பரைத் திருப்பிக் கொடுத்தேன்.

3 மே, புதன்

பாஸ்போர்ட் வந்தது. தபால்காரர் வாசலில் கையெழுத்து வாங்கினார். உறையைப் பிரித்துப் பார்த்தேன். என் எழுத்தை அச்சிலேயே ஏற்றியிருக்கிறார்கள். கறை இல்லை. அழகாகத்தான் இருக்கிறது. ஒரு பக்கத்திலும் நான் ஒன்றும் எழுதவில்லை.

முதாசிர் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “அடுத்த வருஷம் பார்க்கலாம் அத்தா” என்றான். ஜெய்னபுக்குக் காலில் சர்க்கரைப் புண் ஆறவில்லை என்று அவன் சொல்லித்தான் தெரியும். அவள் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

8 மே, திங்கள்

ஓட்டு. பள்ளிக்கூடத்தில் காலையிலேயே வரிசை. ரத்தினபாய் அம்மா எனக்கு முன்னால் போய்விட்டார்.

மேசையில் இருந்த அதிகாரி வாக்காளர் அட்டையைக் கேட்டார். பாஸ்போர்ட்டை நீட்டினேன். அவர் என் முகத்தையும் படத்தையும் பார்த்தார். பிறகு சும்மா இருக்காமல் பக்கங்களைப் புரட்டினார். எல்லாம் வெள்ளை.

“புதுசா இருக்கே பெரியவரே. ஒரு முத்திரைகூட இல்ல. எங்கயும் போகலியா?”

“நான் போகல சார். ஓட்டர் கார்டுதான் பினாங்கு போயிருக்குது.”

அவருக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் என் விரலைப் பிடித்து மை வைத்தார். பழக்கத்தில் கட்டைவிரல் மைப்பெட்டியையும் என் பக்கம் தள்ளினார். நான் பேனாவை வாங்கிக்கொண்டேன். வரிசை காத்திருந்தது. மெதுவாகத்தான் எழுதினேன்.

வீட்டுக்கு வந்ததும் ஜெய்னபுக்குப் போன் செய்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அங்கே இந்நேரம் மதியம், படுத்திருப்பாள். சாயங்காலம் மறுபடி செய்ய வேண்டும்.