பாதி மாத்திரையும் முழுக் கோபமும்

கார்த்திகை 20, வெள்ளி

மனச்சோர்வுக்குப் பல வருடமாகத் தின்ற மாத்திரையை டாக்டர் பாதியாகக் குறைத்தார். அதிலிருந்து நான் தும்மினாலும் என் மனைவி ராசாத்திக்கு மாத்திரைதான் காரணம். இன்று ஜீப்பு டிரைவர் மழையில் தார்ப்பாய் மூடாமல் வந்து எங்கள் ஏலக்காய் மூட்டையை நனைத்துவிட்டான். திட்டினேன்.

"பாத்தீகளா! நாளைக்கே டாக்டர்ட்ட சொல்லி முழு மாத்திரையா மாத்திருவோம்" என்றாள்.

"ஏலக்கா நனஞ்சா சிரிப்பாகளாடி?"

"போன மழைக்கு நனஞ்சப்ப பேசாமத்தான இருந்தீக?"

இவளும் மாதவிலக்கு நின்றபின் தின்ற ஹார்மோன் மாத்திரையை நிறுத்தியவள்தான். உடம்பு எரிகிறதென்று இந்தக் குளிரில் ஃபேன் போடுகிறாள். நான் குறை சொன்னேனா?

ஆனால் போன மழையில் மூட்டை முழுதும் பூஞ்சை பிடித்தது. முழு மாத்திரை தின்ற எனக்குக் கோபமோ வருத்தமோ ஒன்றுமே தோன்றவில்லை. நாளை டாக்டரிடம் நானே பேசுவேன். கோபம் வருகிறது, பாதியே போதும் என்பேன். முதியோர் வகுப்பில் இப்போதுதான் எழுதப் பழகுகிறேன். இதை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அந்தக் கோபமும் ஆறிவிடும் போலிருக்கிறது.