பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு

கீழத்தெரு, திருவாரூர் வட்டம்
ஐப்பசி 20

அன்பு மகள் வானதிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க மாரியம்மன் துணை. இங்கே உன் அம்மா சௌக்கியம், ரொம்பவே சௌக்கியம். நான் இருக்கிறேன். இந்தக் காலத்தில் அப்பா ஏன் பேனாவைப் பிடித்தார் என்று நீ சிரிப்பாய். வீட்டில் இருக்கிற இரண்டு போனும் அவள் கையில்தான், ஒன்றில் சார்ஜ் இறங்கினால் என்னுடையதை எடுத்துக்கொள்கிறாள், உனக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டாலும் அதை முதலில் கேட்பவள் அவள். அதனால் வெள்ளிக்கிழமை உன் ஊருக்குத் திரும்புகிற அதிராம்பட்டினம் ஃபாஜில் தம்பியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கான இங்கிலீஷ் பரீட்சைப் புத்தகத்தையும் ஹெட்போனையும் அனுப்பிவைத்தாலும் வைத்தாய், உன் அம்மா எனக்கு இல்லாமல் போய்விட்டாள். இருபத்திரண்டு வருஷமாக ஆஸ்பத்திரியில் நர்ஸ் டியூட்டி முடிந்து ஐந்தரை பஸ்ஸில் இறங்கினால் காபி போட்டுக்கொண்டே அன்றைக்கு நடந்ததைச் சொல்வாள், நானும் கேட்டும் கேட்காமலும் ம் போட்டுக்கொண்டிருப்பேன். இப்போது இறங்கும்போதே காதில் அதை மாட்டிக்கொண்டு வருகிறாள். உள்ளே ஒரு வெள்ளைக்கார டாக்டர் பேசுகிறான். அவன் பேசப்பேச இவள் தலையாட்டுவதும், கண்ணை மூடிக்கொள்வதும், அவன் ஏதோ சொன்னால் சிரிப்பதும், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மோட்டாரை அணைத்தாயா என்று நான் நாலு தடவை கத்தினால்தான் என்னங்க என்கிறாள். அவன் பேசினால் மட்டும் ஒரே தடவையில் பிடித்துவிடுகிறாள். பரீட்சையில் ஒரு தடவைதான் போடுவார்களாம், மறுபடி போடுங்க என்று கேட்க முடியாதாம். நாலு தடவை சொல்லவைக்கிற அந்தச் சலுகையெல்லாம் எனக்கு மட்டும்தான் போல. ஆமாம், பொறாமைதான், ஐம்பத்தாறு வயதில் ஒரு குரலைப் பார்த்துப் பொறாமை. நீ யாரிடமும் சொல்லாதே.

போன செவ்வாய்க்கிழமை அவள் டியூட்டிக்குப் போனபிறகு அவள் எழுதுகிற நோட்டை எடுத்துப் பார்த்தேன். தப்புதான். நமக்குப் பத்தாங்கிளாஸ் இங்கிலீஷ், எழுத்துக்கூட்டிப் படித்ததில் ஹஸ்பெண்ட் என்று மூன்று இடத்தில் இருந்தது மட்டும் விளங்கியது. மூன்று இடத்தில் என்னைப் பற்றி என்ன எழுதியிருப்பாள்? வேட்டியில் செருகிக்கொண்டு உரக்கடை தியாகேசனிடம் போனேன், அவன் டிகிரி முடித்தவன். சம்பாவுக்கு இரண்டாம் உரம் வாங்குகிற சாக்கில் நோட்டை நீட்டினேன். அவன் படித்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தான். ஆறு மாசமா தூக்கமே இல்ல, புருஷன் குறட்டை, அதனால வேற ரூம்ல படுக்கிறது, வீட்டுல சொன்னா புருஷன் காதுல வாங்கறதில்ல, கொஞ்ச நாள் மக வீட்டுல போய் இருந்தா தேவலைன்னு எழுதியிருக்காங்கண்ணே என்றான். அதோடு விட்டானா, அண்ணிகிட்ட கொஞ்சம் பக்குவமா பேசுங்கண்ணே என்று புத்தி வேறு சொன்னான். யூரியா மூட்டையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது, வானதி. நான் எங்கே குறட்டை விடுகிறேன், நீயே சொல்.

சாயங்காலம் அவள் வந்ததும் நோட்டை முன்னால் போட்டேன். போறதுன்னா சொல்லிட்டுப் போ, எதுக்கு இங்கிலீஷ்ல எழுதி வைக்கிற என்று கேட்டுவிட்டேன். அவள் ஒரு நிமிஷம் முழித்தாள், அப்புறம் தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஐயோ கடவுளே, அது நான் இல்லீங்க, அந்த ரெக்கார்டிங்ல வர்ற அறுபத்திரண்டு வயசு அம்மா, டாக்டர்கிட்ட அவங்க குறையச் சொல்றாங்க, அதைக் கேட்டுக்கிட்டே நான் பன்னிரண்டு குறிப்பு எழுதணும், அதுதான் பரீட்சை என்றாள். எனக்கு உயிர் வந்தது, நானும் சிரித்தேன், தியாகேசனை நினைத்து இன்னும் சிரித்தோம். அவள் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போனவள் திரும்பி நின்று ஒன்று சொன்னாள். எப்பவும் எனக்குப் பன்னிரண்டுக்கு ஏழு எட்டுதான் வரும், அந்த அம்மா பேசினது மட்டும் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டுங்க, எல்லாம் முன்னாடியே தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அப்புறம் காபி கொடுத்தாள், குடித்தேன், சர்க்கரை இருந்ததா இல்லையா என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

அன்றிலிருந்து மத்தியானம் மோட்டார் கொட்டகையில் போய்ப் படுக்கிறேன், ராத்திரி நான் விழித்துக் கிடந்தால் அவளாவது தூங்குவாள். மழை நல்ல மழை, நம் வயலில் தண்ணீர் நிற்கிறது, வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கிறது, நாளைக்கு ஆள் விட்டு எடுக்க வேண்டும். பரீட்சை வருகிற நவம்பர் இருபத்திரண்டாம் தேதி திருச்சியில். கோயிலில் அவள் பாஸ் பண்ண வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை, பெயில் ஆக வேண்டும் என்று கேட்கவும் மனசு வரவில்லை, விபூதியை மட்டும் பூசிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனாலும் நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன், நாலு மணிநேரம் வாசலில் உட்கார்ந்திருப்பேன். அவள் பாஸாகி உன் ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டால் கம்பளி இல்லாமல் வெளியே விடாதே, அவளுக்குக் காதில் குளிர் அடித்தால் தலைவலி வந்துவிடும். பார், இது எனக்குத் தெரிந்திருக்கிறது. வேறு என்னென்ன தெரியாமல் இருந்தேனோ.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வயது நன்றாக இருங்கள், ஆரூர்த் தியாகராஜர் காப்பாற்றுவார். நேரத்துக்குச் சாப்பிடு. மறக்காமல் ஒரு காரியம் செய். அந்த ரெக்கார்டிங் உன்னிடமும் இருக்குமே, அதைக் கடைசிவரை போட்டுக் கேள். அந்த அம்மாவின் புருஷனை என்ன செய்யச் சொல்லி டாக்டர் சொன்னான் என்று எனக்கு விவரமாக எழுது. உன் அம்மாவிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன், அது கேள்வியில வரலீங்க என்கிறாள்.

இப்படிக்கு,
குறட்டை விடுகிற உன் அப்பா,
கோவிந்தராசு