கானிலிருந்து மத்தளைக்கு

வெள்ளவத்தை
12 ஒக்டோபர் 2025

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வட்ஸ்அப்ல நீங்க ‘ஓம்’ மட்டும்தான் போடுறீங்க, அதுதான் ஈமெயில். முழுக்க வாசிக்கணும்.

நிம்றா ராத்தாட நிகாஹ் 31ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு. பொண்ணுட வாப்பா எண்ட முறையில, வலீயா இருந்து அவவைக் கொடுக்க வேண்டியது நீங்கதான். தூரம் எண்டு சொல்லாதீங்கோ, நான் பார்த்திட்டன். உங்கட ஹோட்டலுக்குக் கிட்ட இருக்கிற கான் எயார்போட்டையும் எங்கட மத்தளையையும் ஒரு சைட்ல போட்டன். ரெண்டுமே எனக்கு உயிர் வாப்பா. ஒண்டு மாலைதீவின்ட அடித் தொங்கல்ல, மற்றது யானைக் காட்டுக்குள்ள. ஆயிரத்து இருநூறு கிலோமீற்றர்கூட இல்ல. பறக்கிற நேரம் ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள. விடியக் கிச்சன்ல ரொட்டி போட்டுட்டே வரலாம். உம்மாட்டயும் சொன்னன். அதைக் கேட்டுத்தான் அவ அஸர் எண்டு நேரம் வச்சா.

உங்கட மகன்,
நுஸ்கி

கான்
14 ஒக்டோபர் 2025

அன்பு மகன் நுஸ்கிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். அந்த சைட் ரெண்டு இடத்துக்கும் நடுவில கோடு கீறி, அதில பிளேன் போனா எவ்வளவு நேரம் எண்டு சொல்லுது மகன். போற பிளேன் இருக்கா எண்டு சொல்லாது. இங்கயிருந்து மத்தளைக்கு ஒண்டும் இல்ல. வியாழன் வேலை முடிஞ்சு மாலேக்குப் போய், ராத்தங்கி, வெள்ளி பின்னேரம்தான் கட்டுநாயக்கா எயார்போட். வீட்டுக்கு வரப் பொழுதுபட்டு மஃரிப் தாண்டும்.

மஷூர் சாச்சா என்ட தம்பிதானே, எனக்குப் பதிலா அவர் வலீயா நிக்கட்டும். பொறுப்புக் கொடுத்து எழுதி அனுப்புறன். உம்மாக்கும் அதுதான் நிம்மதி.

நிம்றாக்கு என்ன நிறத்தில சாரி எடுத்தீங்க?

துஆவுடன்,
வாப்பா

வெள்ளவத்தை
17 ஒக்டோபர் 2025

அன்புள்ள வாப்பாவுக்கு,

நான் விட்டது பெரிய பிழைதான். பிளேன் பார்க்கிற எங்கட குரூப்ல ஒருத்தருக்கும் சொல்லேல்ல, மானம் போயிடும்.

ஆனா போன வருஷம் நீங்க லீவில வந்து, கொழும்பிலயே, கொச்சிக்கடையில ரூம் எடுத்து ஒரு கிழமை இருந்திட்டுப் போனீங்களாம். சாச்சா வாய் தவறிச் சொல்லிட்டார். கொச்சிக்கடையிலயிருந்து வெள்ளவத்தைக்கு பஸ் இருக்கு வாப்பா. நிறைய இருக்கு.

உங்கட ஈமெயிலை உம்மாக்கு வாசிச்சன். ‘உம்மாக்கும் அதுதான் நிம்மதி’ எண்ட இடம் வந்ததும், “திரும்ப வாசி” எண்டா. வாசிச்சன். “எனக்கு எது நிம்மதி எண்டு அந்த மனுசனுக்கு ஆர் சொன்னது?” எண்டு கேட்டுட்டு, நிகாஹ் செய்து வைக்கிற லெப்பைக்கு கோல் எடுத்தா. இப்ப என்ட ஃபோனைப் பறிக்கிறா. கீழ அவதான் எழுதுறா.

நுஸ்கி

நிகாஹ் ராவைக்கு, இஷாக்குப் பிறகு எண்டு மாத்தியாச்சு. மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்லியாச்சு. நுஸ்கி கட்டுநாயக்காவில நிப்பான். வழியில கொச்சிக்கடையில இறங்க வேணாம். நிம்றாட சாரி இளம்பச்சை. உங்கட வெள்ளைச் சாரன் அலுமாரியில அப்பிடியேதான் இருக்கு, வேற வாங்காதீங்கோ.

பைறோஸா