என் அறை வாசலில் கயிறு

ஒக்டோபர் 12, ஞாயிறு

ஜேர்மனியில், எசன் நகருக்கு வெளியே இந்த மாளிகையில் ஒன்பது வருடமாக ஹெல்கா அம்மாவைப் பராமரிக்கிறேன். அவருடைய தகப்பன் விட்டுப்போன நாற்பது அறைகளில் மூன்றைத்தான் அவர் சூடாக்குகிறார். மற்றவற்றைக் கூரை திருத்தும் காசுக்காக ஞாயிறுகளில் சனங்களுக்குத் திறந்து காட்டுவார்.

இன்று கோயிலுக்குப் போய்த் திரும்பினால், என் அறை வாசலில் சிவப்புக் கயிறு. பத்துப் பேர் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். என் கட்டில், மடித்து வைத்த சேலை, பிள்ளையார் படம் எல்லாம் அப்படியே. பக்கத்தில் ஓர் அட்டை: "பணிப்பெண்ணின் அறை. தொடாதீர்கள்." ஒருவர் என்னையே வரிசையில் வரச் சொன்னார். நான் இன்னும் சாகவில்லையே!

மகளுக்குப் போன் எடுத்தேன். "அம்மா, உங்களைத் தன்ர குடும்பம் எண்டுதானே அவ சொல்லுறவ? போய்க் கேளுங்கோ" என்றாள்.

கேட்டேன். ஹெல்கா அம்மா தேநீர்க் கோப்பையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வந்தவர்களுக்கு அந்த அறைதான் மிகவும் பிடித்தது" என்றார்.

கயிற்றைத் தாண்டித்தான் படுக்க வந்தேன். அட்டையைக் கழற்றி விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். கோணல் எழுத்து, அவருடையதேதான். பக்கவாதம் வந்தபின் அந்தக் கையைப் பிடித்து ஒவ்வோர் எழுத்தாக எழுதப் பழக்கியது நான்.